நீல வட்டம்

"அவ அந்த வண்டியில கை வச்சா, நான் ஊசியைக் கீழ வச்சுடுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

"வச்சுக்கோ."

"என்னண்ணே, வச்சுக்கோங்கற? அப்புறம் சீட்டை நீ தைப்பியா? இல்ல, உன் தம்பி பெயிண்ட் டப்பாவைக் கவுத்துப் போட்டு அது மேல உட்கார்ந்து ஓட்டுவானா?"

பெரியவர் முகமூடியை இழுத்து மூக்கை மூடிக்கொண்டார். பெயிண்ட் வாடைக்காக வாங்கிய முகமூடி. தங்கை வாயைத் திறந்தாலும் அது உதவும்.

வெளியிலிருந்து கூட்டி வந்த ஒயரிங் ஆள் இந்தத் தங்கையின் நாலு வார்த்தை தாங்காமல் கட்டிங் பிளேயரை வீசிவிட்டுப் போனதோடு வண்டி வேலை போன வாரம் நின்றது. அவன் பாதியில் விட்ட வேலை அப்படியே கிடந்தது. பட்டறை நடுவில் வண்டி நின்றது. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, எட்டு சிலிண்டர், ஐம்பது வயது. வாசலோரம் நாற்காலியில் வண்டியின் சொந்தக்காரன், வீட்டுக்குக் கடைக்குட்டி, சின்னவன் உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி அவன் மடியில் இருந்தன. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஆறிப்போன கைகள்.

இந்த வீட்டில் ஒரு வண்டி என்றால் ஆளுக்கொரு பங்கு. பெரியவருக்குத் தகடும் பெயிண்ட்டும். நடுவில் பிறந்தவளுக்கு சீட் தைக்கிற வேலை. பட்டறையில் அவளுக்குப் பெயரே ஊசி, தோலைக் குத்துகிற வேகத்தில் ஆளையும் குத்துவாள் என்பதால். சின்னவனுக்கு இன்ஜின். அவனைக் கட்டிக்கொண்டு வந்தவளுக்கு ஒயரிங். அவளுக்கு அவன் ஆசையாக வைத்த பெயர் கரண்டு. ஒரு வருஷமாக யாரும் அவளை அப்படிக் கூப்பிடுவதில்லை. நமக்கு அவள் கரண்டுதான்.

போன வருஷம் இதே வண்டி, கருநீல நிறத்தில், முதல் ஸ்டார்ட்டுக்குத் தயாராக நின்றது. சின்னவன் இன்ஜின் மேல் குனிந்து கார்புரேட்டரில் கை வைத்திருந்தான். "போடு" என்றான். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பியவள் கரண்டு. இன்ஜின் முக்கியது, பிடிக்கவில்லை. "இன்னொரு தடவை" என்றான். மறுபடி திருப்பினாள். அவனுடைய இரண்டு கைகளுக்கும் நடுவிலிருந்து தீ எழுந்தது.

ஒயர்கள் கருகிச் சாம்பலாகிவிட்டதால் எந்த ஒயரில் தப்பு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால் எல்லா ஒயரும் தப்பு என்றாயிற்று. எல்லா ஒயரும் என்றால் அவள்தான்.

"உன் ஒயர்தானே?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ஊசி கேட்டாள்.

"ஆமாங்க அண்ணி."

வேறு என்ன சொல்வது? சாவியைத் திருப்பிய கை அவளுடையது. அன்றைக்கு டூல் பையை மூடியவள்தான். அதன்பிறகு அவள் கைகள் அவனுக்குச் சோறு ஊட்டின, சட்டைப் பொத்தான் போட்டன, முகம் துடைத்தன. ஒயரைத் தொடவில்லை. ராத்திரி படுத்தால் மட்டும் அந்த வண்டியின் ஒவ்வொரு ஒயராக மனசுக்குள் இழுத்துப் பார்ப்பாள். தப்பு கிடைக்காது. கிடைக்காததே தன் திமிர் என்று நினைத்துக்கொள்வாள்.

இரும்புப் படிக்கட்டு அதிர்ந்தது. வீடு மாடியில், பட்டறை கீழே. படிச் சத்தத்தை வைத்தே இறங்குவது யார் என்று சொல்லிவிடலாம். மெதுவாக, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வந்தால் அது கரண்டு. தோளில் பழைய டூல் பை.

"வாம்மா, வா" என்றாள் ஊசி. "தீயணைக்கிற சிலிண்டரைப் பக்கத்துலயே வச்சிருக்கேன்."

"நல்லதுதான் அண்ணி. எப்பவும் வச்சுக்கணும்."

"பாரு, இவ எனக்குச் சொல்லித் தர்றா!"

"நீ சும்மா இரு" என்றார் பெரியவர். "ஏம்மா, இன்ஜின் ரூம் முழுக்க பிரைமர் அடிச்சாச்சு. பயர்வால் மட்டும்தான் பாக்கி. அதுல இருக்கற பழைய கிளிப்பு, எர்த் பட்டை எல்லாத்தையும் கழட்டிக் குடுத்தீன்னா மதியம் தேய்ச்சு, சாயங்காலம் கலர் போட்டுடுவேன்."

பயர்வால் என்பது இன்ஜினுக்கும் ஓட்டுகிறவரின் காலுக்கும் நடுவில் நிற்கிற தகடு. அந்தப் பக்கத்துத் தீ இந்தப் பக்கம் வராமல் தடுப்பதற்கு. அன்றைக்கும் தடுத்தது. உள்ளே உட்கார்ந்திருந்தவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதையும் ஊசி சொல்லிக் காட்டாமல் விட்டதில்லை.

"அண்ணே" என்றான் சின்னவன் நாற்காலியிலிருந்து. "முதல்ல மெஷின் போட்டு மொத்தமா தேய்ச்சுடு. வெறும் தகடா ஆக்கிட்டு அப்புறம் அவகிட்ட குடு."

"பட்டையைக் கழட்டாம எப்படிடா தேய்க்கிறது?"

"அது மேலயே தேய்."

"உனக்கென்ன புத்தி பிசகிடுச்சா? டிஸ்க் தெறிச்சு என் மூஞ்சியில அடிக்கும்."

சின்னவன் முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

கரண்டு குனிந்தாள். தகடு முழுக்கக் கரி. ஸ்பேனரை எர்த் போல்ட்டின் தலையில் வைத்தாள். குளிரில் பல் அடித்துக்கொள்கிற மாதிரி ஸ்பேனர் போல்ட்டில் தடதடத்தது. ஊசி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று முதுகுக்குத் தெரிந்தது. இன்னொரு கையையும் சேர்த்துப் பிடித்து அழுத்தினாள். துருப்பிடித்த போல்ட் ஒரு முறை கிறீச்சிட்டது, பிறகு இளகி வந்தது. பின்னிய செம்புப் பட்டையின் முனையை நெம்பி எடுத்தாள்.

அடியில் நீலம்.

சட்டைப் பொத்தான் அளவு வட்டம். சுற்றிலும் கரி, நடுவில் அந்த ஒரு வட்டம் மட்டும் பட்டையின் முனை மூடியிருந்ததால் தீயிலிருந்து தப்பி, நேற்று அடித்த மாதிரி பளபளவென்று, கருநீலமாக இருந்தது.

அவள் ரொம்ப நேரம் நிமிரவில்லை.

கரண்டு என்பது போனால் திரும்பி வர வேண்டும். இந்த வண்டியில் முன்பக்கம் அடைசலாக இருக்கக்கூடாது என்று பேட்டரியை டிக்கிக்கு மாற்றியிருந்தார்கள். ஸ்டார்ட்டர் இழுக்கிற கரண்டு அத்தனையும் இன்ஜினிலிருந்து இந்தச் செம்புப் பட்டை வழியாகத் தகட்டில் இறங்கி, தகட்டோடு ஓடி, டிக்கிக்குப் போய்ச் சேர வேண்டும். பட்டைக்கு அடியில் வெறும் இரும்பு இருந்தால் போகும். பெயிண்ட் இருந்தால் போகாது. போக முடியாத கரண்டு கைகட்டி நிற்காது, வேறு வழி தேடும். இன்ஜினையும் தகட்டையும் தொடுகிற வேறு இரும்பு ஒன்றுதான் இருந்தது, ஆக்ஸிலரேட்டர் கேபிள். பென்சில் தடிமன்கூட இல்லாத கம்பி. அத்தனை கரண்டும் அதில் பாய்ந்தால் அடுப்புக் கம்பி மாதிரி பழுத்துவிடும். அந்தக் கம்பி போய் முடிகிற இடம் கார்புரேட்டர். அங்கே பெட்ரோல்.

அங்கே அவன் கைகள்.

இந்த வட்டத்தைத் தன் கையாலேயே சுரண்டி வெள்ளை இரும்பாக்கி, மேலே டேப் ஒட்டியிருந்தாள் அவள். "பெரியத்தான், இங்க ஒரு சொட்டுகூடப் படக்கூடாது" என்று சொல்லியிருந்தாள். "தெரியும்மா" என்றிருந்தார். பிறகு பெயிண்ட் முடிந்தது, இன்ஜின் உள்ளே இறங்கியது. "எர்த் போட்டாச்சா?" என்று கேட்டாள். "நானே போட்டுட்டேன்" என்றான் சின்னவன். புருஷன் போட்ட போல்ட்டை எந்தப் பெண்டாட்டி கழற்றிப் பார்ப்பாள்?

"பெரியத்தான், இங்க வாங்க."

"பிரைமர் கலக்கிட்டிருக்கேன்மா."

"கலக்கினது போதும். வாங்க."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று ஊசியையும் எழுப்பிவிட்டது. "என்ன ஆச்சு? மறுபடி எதையாவது கருக்கிட்டாளா?"

பெரியவர் வந்து குனிந்தார். பார்த்தார். முகமூடிக்கு மேலே தெரிந்த கண்கள் மூடிக்கொண்டன.

"அது பெயிண்ட்டு" என்றாள் ஊசி எட்டிப் பார்த்து. "பெயிண்ட்டுக் கடையில பெயிண்ட்டு இருக்கு. இதுல என்ன அதிசயம்?"

கரண்டு பையிலிருந்து மீட்டரை எடுத்தாள். அதன் பேட்டரி இன்னும் உயிரோடு இருந்தது. சுரண்டும் கத்தியால் தகட்டில் இரண்டு இடத்தில் கரியை வழித்து வெள்ளை இரும்பாக்கினாள். மீட்டரின் இரண்டு முனைகளையும் அங்கே வைத்தாள். மீட்டர் 'பீ' என்று கூவியது.

"இது இரும்பு அண்ணி. சத்தம் வந்தா கரண்டு போகுதுன்னு அர்த்தம்."

ஒரு முனையை எடுத்து நீல வட்டத்தில் வைத்தாள். சத்தம் நின்றது. அழுத்தினாள். வரவில்லை. இரும்புக்கு மாற்றினாள், கூவியது. நீலத்துக்கு மாற்றினாள், ஊமையாயிற்று. மறுபடி. மறுபடி.

"போதும், நிறுத்து" என்றாள் ஊசி. "இதுக்கு என்னடி அர்த்தம்?"

"என் ஒயர் இல்லைன்னு அர்த்தம்."

மூலையில் கம்ப்ரஸர் தானாக ஓடத் தொடங்கி, காற்று நிரம்பி, தானாக நின்றது.

ஊசி மெதுவாக அண்ணன் பக்கம் திரும்பினாள். "அந்த முகமூடியைக் கழட்டு. கழட்டுண்ணே! இங்க டேப் ஒட்டியிருந்தாளா, இல்லையா?"

"ஒட்டியிருந்தா."

"அப்புறம்?"

"நான்தான் எடுத்தேன். கை தவறிடுச்சு."

"கை தவறிடுச்சா? வருஷம் முழுக்க நான் இவளைப் பேசாத பேச்சு உண்டா? புருஷன் கையைத் தின்னவள்னு வாசல்ல நின்னு கத்தினேன். நீ இதே இடத்துல நின்னு பெயிண்ட்டுல்ல கலக்கிட்டு இருந்த! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாயைத் திறந்திருக்கலாமே. என்னைப் பாவியாக்கிட்டியே!"

பெரியவர் தலை குனிந்து நின்றார். ஊசி அவர் தோளில் இரண்டு கையாலும் அடித்தாள். அவர் வாங்கிக்கொண்டார்.

கரண்டு அந்த வட்டத்தை விரல் நுனியால் தடவிக்கொண்டிருந்தாள். கை தவறினால் தூறல் விழுந்திருக்கும், டேப்பின் ஓரம் மேடு தட்டியிருக்கும். இது வழவழவென்று இருந்தது. தேய்த்து, பிரைமர் போட்டு, கலர் போட்டு, மேலே பாலிஷும் போட்ட வேலை. அதுவும் அடுத்தவர் ஒட்டிய டேப்பைத் தொடாத மனுஷன் பெரியவர். ஒருமுறை ஊசி இடம் தவறி ஒட்டிய டேப்பைக்கூட அவளைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னவர்.

அவள் நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள்.

இத்தனை கத்தலிலும் நாற்காலியை விட்டு எழாதவன் ஒருவன் இருந்தான். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. கழுத்தை நீட்டிப் பார்க்கவில்லை.

"என்னங்க."

"ம்."

"உங்க கை எப்படிப் போச்சுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சிருக்கு. அண்ணி அந்தக் குதி குதிக்கறாங்க. நீங்க ஏன் ஒண்ணுமே கேக்கல?"

"என்ன கேக்கணும்?"

"அண்ணன்கிட்ட சண்டை போடணும். என்னைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லணும். ஆச்சரியமாவது படணும்."

"விடும்மா" என்றார் பெரியவர். "நான்தான்னு சொல்றேன்ல."

"நீங்க சும்மா இருங்க பெரியத்தான்."

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவரிடம் அவள் அப்படிப் பேசியதில்லை. ஊசியின் கை அண்ணன் தோளிலேயே நின்றுவிட்டது.

சின்னவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"கண்ணை உறுத்திச்சு."

"எது?"

"அந்த வட்டம். இன்ஜின் ரூம் மொத்தமும் கண்ணாடி மாதிரி வரணும்னு ஆசைப்பட்டேன். நடுவுல வெள்ளையா ஒரு ஓட்டை மாதிரி... அண்ணன் மாட்டேன்னுதான் சொன்னாரு. நான்தான் டேப்பை உரிச்சுட்டு, அடிச்சு விடுண்ணே, இன்ஜின் இறக்கறப்ப நானே சுரண்டி எர்த் போட்டுக்கறேன்னு சொன்னேன்."

"சுரண்டினீங்களா?"

"இறக்கற அன்னிக்குப் பாத்தேன். அவ்வளவு அழகா இருந்துச்சு. சுரண்ட மனசு வரல. போல்ட்டு மரையில எப்படியும் பிடிச்சுக்கும்னு முடுக்கிட்டேன்."

"எர்த் போட்டாச்சான்னு உங்ககிட்ட கேட்டேன்."

"கேட்ட."

"சாவியைத் திருப்பறதுக்கு முன்னாடியும் கேட்டேன்."

அவன் தன் கைகளை மடிக்குள் இழுத்துக்கொண்டான்.

"சரி. அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?"

"ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்ப வெளிய அக்கா குரல் கேட்டுச்சு. உன் ஒயர்தானேன்னு. நீ ஆமான்னுட்ட. நீயே ஒத்துக்கிட்ட. கையும் போச்சு. நல்ல மெக்கானிக்குங்கற பேரு ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. அதையும் விட முடியல. அண்ணனைப் பாத்து வேணாம்னு தலையாட்டினேன். ஒரு தடவைதான் ஆட்டினேன்."

"இங்க பாரு" என்று ஊசி ஏதோ தொடங்கினாள். ஊசிக்கு வார்த்தை வராததை அந்தப் பட்டறை அன்றுதான் பார்த்தது.

"நான் ஊட்டிவிட்ட சோத்தைத் தின்னுகிட்டே" என்றாள் கரண்டு. அவ்வளவுதான் சொன்னாள். திரும்பி வண்டியில் குனிந்தாள்.

மிச்சமிருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். இப்போது ஸ்பேனர் தடதடக்கவில்லை.

மதியம் யாரும் மாடிக்குச் சாப்பிடப் போகவில்லை. பெரியவர் மெஷினை எடுத்து வந்தார். "தேய்ச்சுடட்டுமாம்மா?"

"தேய்ங்க. இந்த வட்டத்தை மட்டும் விட்டுட்டு."

"அதை விட்டு எதுக்கு? எர்த்துக்கு இரும்பு வேணுமே."

"எர்த்துக்கு வேற இடம் எடுத்துக்கறேன். இது இப்படியே இருக்கட்டும்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தேய்த்தார். நீலத்தின் ஓரம் வரை வந்து, சுற்றிப் போனார். அவள் ஒரு சாண் தள்ளிப் புது இடம் பார்த்து ஓட்டை போட்டு, சுற்றிலும் வெள்ளை இரும்பாகச் சுரண்டி, வட்டமாக டேப் வெட்டி ஒட்டினாள். நீலத்தின் மேலும் ஒரு டேப். நகத்தால் ஓரம் முழுக்க அழுத்தினாள்.

ஊசி ஒரு டம்ளர் டீயோடு வந்து பக்கத்தில் நின்றாள். நீட்டவும் இல்லை, வைக்கவும் இல்லை.

"டீ ஆறுது."

"வைங்க அண்ணி."

"சீட்டுக்குத் தோல் வெட்டிட்டேன். ஓட்டறவங்க சீட்டு முதல்ல தைக்கறேன்."

"ஊசியைக் கீழ வச்சுடுவேன்னீங்க."

"நான் ஆயிரம் சொல்லுவேன். அதையெல்லாம் கேட்டுக்கிட்டா நீ இந்த வீட்டுல இருந்த?" என்றவள், தான் சொன்னது தன் காதிலேயே விழ, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

பிரைமர் காய்ந்தது. பெரியவர் கலர் ஏற்றினார். இந்த முறை சாம்பல் நிறம், சின்னவன் தேர்ந்தெடுத்தது. எரிந்த வண்டிக்குச் சாம்பல் பொருத்தம்தான் என்று ஊசி முன்பு கிண்டல் பண்ணியிருந்தாள். இன்று பண்ணவில்லை. பெயிண்ட் துப்பாக்கி சீறியது, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம், நிறுத்தாமல், சீராக. கரி இருந்த இடமெல்லாம் ஈரச் சாம்பலாக மின்னியது.

பொழுது சாயும்போது "எடுத்துடும்மா" என்றார் பெரியவர். "முழுசா காஞ்சா ஓரம் பிய்ஞ்சுடும்." அவர் தொடவில்லை. அவள் ஒட்டிய டேப்.

முதல் வட்டத்தை உரித்தாள். வெள்ளை இரும்பு. இரண்டாவதை உரித்தாள். சாம்பல் தகட்டின் நடுவில் கருநீலம், விழித்துப் பார்க்கிற கண் மாதிரி.

சின்னவன் எழுந்து வந்து அவள் பின்னால் நின்றிருந்தான். அன்று முழுக்க அவன் நடந்த தூரம் அவ்வளவுதான்.

"அதையும் அடிச்சுடச் சொல்லு."

அவள் டேப்பை உருட்டிக் குப்பையில் போட்டாள்.

"அண்ணே, அதையும் அடிச்சு விடுண்ணே. கண்ணை உறுத்துது."

பெரியவர் துப்பாக்கியைக் கழுவப் போய்விட்டார்.

"உறுத்தட்டும்" என்றாள் கரண்டு. "பானெட்டைத் தூக்கறப்பல்லாம் உறுத்தட்டும்."

"நான் வேணும்னு செஞ்சேனா?"

"போல்ட்டை முடுக்கினது தெரியாம செஞ்சது. அது கையோட போச்சு. மத்தது வருஷம் பூரா செஞ்சது."

புதிய செம்புப் பட்டை மேஜைமேல் இருந்தது. அதைப் பொருத்தினால் வண்டி உயிர் பெறும். அவள் அதை எடுத்தாள், வெள்ளை இரும்பு வட்டத்தைப் பார்த்தாள், பட்டையைச் சுருட்டிப் பைக்குள் போட்டு மூடினாள்.

"பட்டை போடலியா?"

"பெயிண்ட் காயட்டும்."

"நாளைக்குப் போடுவியா?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவனுடைய சட்டையில் மேல் பொத்தான் அவிழ்ந்திருந்தது. வழக்கமாக அவள் கை தானாகப் போகிற இடம். அவள் பார்த்தாள். கை போகவில்லை. அவனைத் தாண்டிப் போனாள்.

சின்னவன் வண்டிமேல் சாய்ந்துகொண்டு காது கொடுத்தான். இனி இரும்புப் படி அதிரும். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறுவாள். மேலே விளக்கு எரியும். கோபம் இரண்டு நாள் இருக்கும்.

படி அதிரவில்லை.

வாசல் பக்கம் ஷட்டர் கிறீச்சிட்டது.

"கரண்டு!"

ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர் பட்டறைச் சுவரில் மோதித் திரும்பியது. உள்ளே தையல் மெஷின் சட்டென்று நின்றது. ஷட்டர் ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்கு உயர்ந்தது. திரும்ப இறங்கவில்லை.